சல்லடை நான்கு கிளம்பும் தேதி

சல்லடைக்காரன் என்ற பெயர் அவன் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவன் காப்பீட்டுக் கணக்குகளுக்கு நிரல் எழுதுகிற, கூட்டங்களில் பின்வரிசையில் உட்காருகிற, தேநீர் இயந்திரம் மக்கர் பண்ணினால் மட்டும் எல்லாரும் தேடுகிற ஆள். ஆனால் அவன் எட்டிக்கூடப் பார்த்திராத ஊர்களில், அவன் முகம் தெரியாதவர்கள் காலையில் கணினியைத் திறந்ததும் அவன் எழுதிய ஒன்றைத்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்த ஒன்றின் பெயர் சல்லடை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் வேலை செய்யும். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. குவிந்து கிடக்கிற கோப்புகளைப் பெயரை வைத்தோ உள்ளிருப்பதை வைத்தோ அலசி, எது அசல், எது நகல், எது தனி என்று பிரித்துச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். காசு வாங்குவதில்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம். கல்யாணமான புதிதில், ஒரே படத்தைப் பத்து இடத்தில் சேமித்து வைக்கிற தன் சோம்பேறித்தனத்துக்கு மருந்தாக அவன் எழுதியது. பிறகு நூலகங்கள் எடுத்துக்கொண்டன, பத்திரிகை அலுவலகங்கள் எடுத்துக்கொண்டன, ஆய்வுக்கூடங்கள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதானே உலக வழக்கம். அது ஏன் இல்லை, இது ஏன் மெதுவாக ஓடுகிறது, அடுத்த பதிப்பு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கடைசிக் கேள்விக்கு அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது: தயாரானதும் வரும். தயாராவதாவது. ஒன்றை முடித்தால் இன்னொன்று பாக்கி நிற்கும். மூன்றாம் பதிப்பு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இழுத்த இழுப்பில், யாரோ ஒருவர் திட்டத்தின் பொதுப் பக்கத்தில், "நீங்கள் அறிவித்தபோது என் மகள் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது பள்ளியை முடிக்கப் போகிறாள்" என்று எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு அவனுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் அவன் மனைவி உள்ளே வந்தாள்.

அவள் நகரப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணைப் பிரிவில் இருக்கிறாள். எந்த வண்டி எந்த நேரத்துக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களில் ஒருத்தி. அலுவலகத்தில் பட்டப்பெயரே டைம்டேபிள்தான்.

"வண்டி நிறைஞ்சதும் கிளம்பும்னு சொன்னா எவன் வந்து ஏறுவான்?" என்றாள். "கிளம்பற நேரத்தைச் சொல்லுங்க. வண்டி தானா நிறையும்."

"இது வண்டி இல்லைம்மா."

"ஜனங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க இல்ல? அப்ப வண்டிதான்."

அன்று சாப்பாட்டு மேஜையில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தேதி அவளுடையது. உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுடையது. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் மூக்கை நுழைக்கக் கூடாது. வேறு கணினி வகைகளுக்குச் சல்லடையைப் பொருத்தித் தருகிற அவளுடைய தம்பி, தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, "அக்கா, இந்த மாதிரி ஒப்பந்தம் ரெண்டு நாட்டுக்கு நடுவுலதான் போடுவாங்க" என்றான்.

அவள் போட்ட அட்டவணை எளிமையானது. அரை ஆண்டுக்கு ஒரு வெளியீடு. அன்றைக்கு எது தயாரோ அது போகும், தயாராகாதது அடுத்ததில் போகும். எதற்காகவும் தேதி நகராது. கிளம்புவதற்கு முந்தைய சில வாரங்களில் புதிதாக எதுவும் ஏறக் கூடாது, பிழை திருத்தம் மட்டும்தான். ஒரு பெரிய பதிப்பு பிறந்தால் அதற்கு முந்தையது கூடவே இருக்கும், அதற்கும் முந்தையது அன்றோடு ஓய்வு பெறும். ஓய்வு பெற்றதில் ஓட்டை இருந்தாலும் யாரும் அடைக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தேதியையும் வெகு முன்பே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு புது வசதியையும் தனியாகக் கழற்றி எடுக்கும்படிதான் உள்ளே பொருத்த வேண்டும் என்றும் ஒரு விதி வைத்தாள். "ஏறினவங்க இறங்கறதுக்கும் கதவு வேணும் இல்ல?" என்றாள். அதற்கு மட்டும் அவன் நிறைய முணுமுணுத்தான்.

முணுமுணுத்தாலும், சொன்ன தேதியில் மூன்றாம் பதிப்பு வெளியானது. அதன் பிறகு வந்த சின்ன வெளியீடுகளும் அப்படியே. நச்சரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது நாட்காட்டியைப் பார்த்துத் தங்கள் வேலையை வைத்துக்கொண்டார்கள். ஒரு நிரல்கூட எழுதத் தெரியாமல், வெறும் தேதிகளை வைத்து அவள் அத்தனை பேருக்கும் நிம்மதி கொடுத்துவிட்டாள் என்று அவனுக்கு ஆச்சரியமான ஆச்சரியம். அதை அவளிடம் சொன்னானா என்றால், இல்லை. கணவன்மாருக்கு அது ஒரு வியாதி.

அவள் வேலையை அவன் நேரில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். பயணிகள் குறைந்துபோன ஒரு தடத்தை நிறுத்தப் போவதாக அறிவித்திருந்த சமயம். நிறுத்தும் தேதிக்கு முன் அவள் அந்த வண்டியிலேயே ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய்வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அவனையும் கூட்டிக்கொண்டு போனாள். வண்டி காலி. ஒரே ஓர் அம்மாள் மட்டும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகிறவர். மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எத்தனை மணிக்கு வேலை என்று எல்லாவற்றையும் சாவகாசமாகக் கேட்டாள். பக்கத்துத் தடத்து வண்டி அந்தச் சலவைக்கூடத்து வாசல் வழியாகப் போகும்படி மாற்றினாள். அதன் பிறகுதான் பழைய தடம் நின்றது, அச்சடித்திருந்த அதே தேதியில்.

"ஒரு ஆளுக்காக அந்த வண்டியையே ஓட்டியிருக்கலாமே," என்றான்.

"தேதியைத் தள்ளினா அடுத்த தேதியை எவனும் நம்ப மாட்டான். ஆளை விட்டுட்டுப் போனா நம்மளையே எவனும் நம்ப மாட்டான். ரெண்டும் கெடாம பாக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

அன்றைக்கு அவள் பணிமனையில் இறங்கிக்கொள்ள, இவன் மட்டும் வீடு திரும்பும்போது 07-க்குப் பதிலாக 7-ல் ஏறி, ஊரின் மறுகோடியில் ஒரு சிமெண்ட் கிடங்கு வாசலில் போய் இறங்கினான். மனைவி அதைத் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது நான்காம் பதிப்பு. இதில்தான் சல்லடைக்காரனின் உயிர் இருந்தது. இத்தனை வருடமாக அவன் செய்ததெல்லாம் ஒட்டுப் போடுகிற வேலை. ஓட்டை அடைப்பு, வேகம் கூட்டல், யாரோ கேட்ட சின்னச் சின்ன மாற்றம். இந்த ஒரு வருடமாகத்தான் புதிதாக ஒன்றைத் தன் தலையிலிருந்து எடுத்து எழுதியிருந்தான். பெயர் எண்ணறிவு. கோப்புப் பெயரில் இருக்கும் எண்களைச் சல்லடை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் எண்ணாகவே புரிந்துகொள்ளும். இரண்டு முதலில், பத்து பிறகு என்று வரிசை போடும். 5, 05, 005 மூன்றும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து நகலைக் கழிக்கும். படம் எடுக்கிறவர்களிடம் கொடுத்துப் பார்த்தான். கொண்டாடினார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவனுக்கு அது வைரம். இந்த வெளியீட்டில் எண்ணறிவு உலகத்துக்குப் போய்விட வேண்டும், அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மனைவிக்கு அந்தப் பெயரும், அது தயார் என்பதும் மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பது அவனுடையது அல்லவா.

வெளியீட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது பொதுப் பக்கத்தில் ஒரு வேண்டுகோள் வந்தது. ஒரு விதைக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார். குளிர்பெட்டிகளில் விதைப் பொட்டலங்களைப் பாதுகாக்கிற இடம். இன்னும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறார்கள். மூன்றைத் தாண்டி நேராக நான்குக்கே போகலாம் என்று நினைத்திருந்தார்களாம். இன்னும் கொஞ்ச காலம் இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

சல்லடைக்காரன் சட்டென்று பதில் போட்டான். "தேதியை ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டோம். ஊரே மாறிவிட்டது. நீங்களும் மாறுங்கள்."

காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி அதைப் படித்தாள். "ஏன் கேக்கறாங்கன்னு கேட்டீங்களா?"

"நீதானே சொல்லுவே, தேதி நகராதுன்னு."

"நகராது. அதுக்காக மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுதணுமா?" செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கடைசி வண்டியில ஒரு ஆள் உக்காந்திருக்காங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

பாத்துட்டு வரேன் என்றால் அவள் பார்த்துவிடுவாள். விதைக்காரம்மாவுக்குத் தனியாக எழுதி, தேதி மாறாது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, நீங்கள் மாறும்வரை நான் கூட இருக்கிறேன் என்று அடுத்த வரியில் சொன்னாள். அவர்கள் கோப்புகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் அனுப்பச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டுத் தன் மடிக்கணினியை விரித்து, அதே பட்டியலை இரண்டாம் பதிப்பில் ஒரு தடவை, நான்கின் சோதனைப் பதிப்பில் ஒரு தடவை ஓடவிட்டாள். அவன் எதிரில் உட்கார்ந்து, வெளியீட்டு அறிவிப்பில் எண்ணறிவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். மூன்றாவது பத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நாலாவது பதிப்பு கணக்கைக் குறைச்சுச் சொல்லுதே," என்றாள்.

"நகலைக் கழிச்சிருக்கும். அதுக்குத்தானே சல்லடை."

"ரெண்டாவது கழிக்கலையே."

"ரெண்டுக்கு அவ்வளவு அறிவு கிடையாது," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் தொலைபேசியை எடுத்து விதைக்காரம்மாவைக் கூப்பிட்டு, அவனுக்கும் கேட்கும்படி மேஜை மேல் வைத்தாள்.

"சோதனை வெர்ஷன்ல போட்டுப் பாத்தப்பவே கணக்கு உதைச்சுதுங்க," என்றார் அந்த அம்மாள். "நம்ம பக்கம்தான் ஏதோ தப்புன்னு நினைச்சோம். கண்டுபிடிக்கறதுக்குத்தான் டைம் கேட்டேன்."

"எது விட்டுப்போகுதுன்னு பாத்தீங்களா?"

"ஒண்ணு ரெண்டு பாத்தோம். சைபர் எழுபத்தொண்ணு இருக்கு, வெறும் எழுபத்தொண்ணைக் காணோம். பழைய சேகரிப்புக்கு முன்னாடி சைபர் போடுவோம், புதுசுக்குப் போட மாட்டோம். அது ஒரு மலைப்புல்லு, இது ஒரு பயறு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

சல்லடைக்காரன் எழுதுவதை நிறுத்தினான். அடுத்த கேள்வியை அவனே கேட்டான். "பட்டியல்ல விட்டுப்போனா என்ன ஆகும்?"

"பட்டியலைப் பாத்துத்தான் சார் வருஷா வருஷம் கொஞ்சம் விதையை எடுத்து முளைக்க வெச்சுப் பாப்போம். பேர் இல்லன்னா எடுக்க மாட்டோம். விதை பெட்டிக்குள்ளயே செத்துப்போகும். செத்ததும் யாருக்கும் தெரியாது."

மனைவி தொலைபேசியை வைத்தாள். பிறகு அவன், தோற்கிறவன் கடைசியாகப் பிடிக்கிற கொம்பைப் பிடித்தான். "எவனாவது இப்படி நம்பர் வைப்பானா? எழுபத்தொண்ணும் சைபர் எழுபத்தொண்ணும் வேற வேறன்னு?"

மனைவி அவனை நிதானமாகப் பார்த்தாள். "அன்னைக்கு ஏழுல ஏறி எங்க போய் இறங்கினீங்க?"

அவனுக்குச் சிமெண்ட் வாசனையே வந்துவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். நாடு நாடாகப் படக்காரர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தான். 7-ம் 07-ம் வேறு வேறாக ஓடுகிற ஒரு நகரத்தையே தினமும் வரைந்துவிட்டு வருகிறவள் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் காதுவரை ஏறியது.

"பத்து நாள் தள்ளு," என்றான். "சரி பண்ணிடறேன்."

"தேதி என்னோடது." குரலில் கோபம் இல்லை. "அன்னைக்குத்தான் மாத்தணும்னு ஒரு நூலகம் வாசகர்களுக்கு விடுமுறை சொல்லிருக்கு. நம்ம விதைக்காரம்மாவே மேலிடத்துல அந்தத் தேதிக்குத்தான் அனுமதி வாங்கி வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியாத எத்தனை பேரோ. யாரு நம்ம வார்த்தையை நம்பினாங்களோ அவங்களுக்குத்தான் தண்டனையா?"

"அப்ப எண்ணறிவை எடுக்கச் சொல்றியா?"

"சொல்ல மாட்டேன். உள்ள இருக்கறது உங்களோடது."

அங்கேதான் அவள் கெட்டிக்காரி. அவள் எடு என்று சொல்லியிருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான், சண்டையில் பாதி துக்கம் போயிருக்கும். இப்போது யாரோடு சண்டை போடுவது?

அவன் சாயங்காலம்வரை உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதி மச்சானுக்கு அனுப்பினான். மச்சான் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அத்தான், தப்பா நினைக்காதீங்க. கிழிசலை விட ஒட்டு பெருசா இருக்கு. விதைக்காரம்மா கணக்கு சரியா வருது, படக்காரங்க கணக்கு படுத்துருச்சு."

"ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம், மச்சான்."

"பண்ணலாம். அவசரத்துல இன்னொருத்தர் பெட்டியில எதைக் கொல்லப் போறோம்னு தெரியாதே."

மறுநாள் அலுவலகத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருடம். எத்தனை விடுமுறை நாட்கள். வலித்தது, அதில் பொய் இல்லை. அந்த வலியோடு வலியாக, முகம் தெரியாத ஒரு பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடக்கிற பயறும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அந்த அம்மாள் தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டதும், தான் எழுதிய பதிலும்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கணினியைத் திறந்தான். அவன் முணுமுணுத்துக்கொண்டே வைத்த கதவு இருந்தது. எண்ணறிவு அவன் பயந்த மாதிரி வேரோடு வரவில்லை; வேறொன்றையும் இழுக்காமல் சுலபமாகக் கழன்று வந்தது. ஒரு வருடத்து வேலை, தேநீர் ஆறுவதற்குள் வெளியே நின்றது. இப்படி ஒரு நாள் வரும் என்று அன்றைக்கே தெரிந்து விதி போட்டாளா என்று நினைத்துக்கொண்டான். தெரிந்திருக்காது. யாராவது ஒரு நாள் இறங்க வேண்டியிருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். பேருந்துக்காரி.

பிறகு பொதுப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே, விதைக் காப்பகத்துக்குத் தான் எழுதிய பதில் தவறு, கணக்கு உதைத்ததற்குக் காரணம் தன்னுடைய நிரல்தான் என்று எழுதினான். அறிவிப்பிலிருந்து அந்த மூன்று பத்திகளையும் அழித்தான்.

வெளியீட்டு நாள் காலை, வேலைக்குக் கிளம்புவதற்கு முன், சொன்ன நேரத்தில் சல்லடை நான்கு கிளம்பியது. இரண்டாம் பதிப்பு ஓய்வு பெற்றது. மச்சான் வாழ்த்து அனுப்பினான்: "டிரைவரையே இறக்கிவிட்டுட்டு வண்டி கரெக்ட் டைமுக்குக் கிளம்பிருச்சு." மனைவி அதைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவள் அன்று அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. அவள் மேஜையில் உட்கார்ந்து, விதைக்காரம்மாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஒவ்வொரு குளிர்பெட்டியின் பட்டியலாகப் புதுப் பதிப்பில் ஓட்டி, பழையதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தாள். அவசரமே இல்லை. அந்த அம்மாள் நடுவில் எதையோ சொல்லிச் சிரித்தார், இவளும் சிரித்தாள். அலுவலகத்துக்குத் தாமதமாகிறது என்று தெரிந்தும் அவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காலி வண்டியில் சலவைக்கூடத்து அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளே, அதே உட்கார்தல்.

"எல்லாம் சரியா வருதுங்க," என்று தொலைபேசியில் குரல் கேட்டது. "எழுபத்தொண்ணு ரெண்டும் இருக்கு."

அவள் தொலைபேசியை வைத்ததும் அவன் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். வருடக்கணக்காகச் சொல்ல நினைத்தது ஒன்று இருந்தது. "உன்னை மாதிரி யாராலயும் முடியாதும்மா" என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டான். அவள் காத்திருந்தாள். அவன் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"எண்ணறிவு. இது என்ன பண்ணும்னு சொல்றேன். எங்க உதைக்கும்னு நீ சொல்றியா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"எல்லைக்கோட்டை நானும் கொஞ்சம் அதிகமாவே காப்பாத்திட்டேன்," என்றாள். பிறகு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். "ஒரு வருஷமா இதைக் கேப்பீங்களான்னு இந்த மேஜையிலதான் உக்காந்திருந்தேன். தள்ளுங்க, பாக்கலாம்."